செம்புத் தண்ணீரும் மயிரிழை வலையும்

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நடவு முடிந்ததும் வயலுக்கு மருந்து போகும். வயல்நீர் வாய்க்காலுக்கும், வாய்க்கால் நீர் அடுத்த குளத்துக்கும் போகும். அந்தக் குளத்தங்கரையில்தான் எங்கள் கிணறு. சென்ற விடுமுறையில் அம்மை ஒரு செம்புத் தண்ணீரை நீட்டி, "மக்கா, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கே? இது குடிக்கக் கொள்ளாமா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நீரின் கடினத்தன்மையைப் பியூரெட் வைத்துச் சொல்லிவிடுவேன். நஞ்சைச் சொல்லத் தெரியாது. தலைகுனிந்து நின்றேன்.

நண்பர்களே, இது விளையாட்டுக் கேள்வியன்று. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்குள்ள மக்கள் பட்ட பாட்டை நாடறியும். 2011-இல் உச்சநீதிமன்றம் அதைத் தடை செய்தது. குடிநீரில் அம்மருந்து லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம். பத்து லட்சம் லிட்டர் நீரில் அரைக் கிராமுக்கும் குறைவு! இத்தனை சொற்பத்தைக் கருவி காண வேண்டுமானால் முதலில் அதைத் திரட்டியாக வேண்டும்.

பழைய முறையில் ஒரு லிட்டர் நீரைப் பிரிபுனலில் டைகுளோரோமீத்தேனுடன் மும்முறை குலுக்கி, பிரித்து, ஆவியாக்க வேண்டும். நஞ்சைத் தேட இன்னொரு நஞ்சு! 1990-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாவ்லிசின் குழுவினர் வேறு வழி கண்டனர். ஊசிக்குள் மயிரிழை போன்றதொரு சிலிக்கா இழை. அதன் நுனியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பூச்சு. நீரில் அமிழ்த்தினால் நஞ்சு பூச்சில் ஏறும். வாயு நிறவரைவியின் சூடான வாயில் செருகினால் இறங்கும். இன்று அப்பூச்சுக்குக் கார்பன் நானோகுழாய், கிராபீன் முதலியவற்றை எடுத்தாள்கிறார்கள். கணக்குப்படி ஒரு கிராம் கிராபீனின் பரப்பு 2630 சதுர மீட்டர். நம் அளவில் 65 சென்ட். அப்பா பாட்டத்துக்குப் பயிரிடும் வயல்கூட அவ்வளவு வராது!

"விலையுயர்ந்த வித்தை நமக்கெதற்கு?" என்பார் சிலர். கருவியின் விலை உண்மைதான், பூச்சு அப்படியல்ல. மெழுகுவர்த்திக் கரியை எஃகுக் கம்பியில் படியவைத்தே ஆய்வாளர்கள் இழை செய்திருக்கிறார்கள். கலங்கல் நீரிலுள்ள மக்குப் பொருள்கள் பூச்சை அடைத்துக்கொள்ளும் என்பதும் மெய்யே. அதைப் பழகித் தெளிய நம் குளங்களைவிடத் தக்க இடம் ஏது?

ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்: உப்பாய்வு நடக்கும் மேசையில் ஒருநாளாவது இதைக் கற்றுத் தாருங்கள். அளப்பதற்குப் பல்கலைக்கழகத்துக்கு நாங்களே பேருந்தில் கொண்டுபோகிறோம்.

அம்மை இப்போதும் நீரைக் காய்ச்சித்தான் தருகிறாள். கிருமி சாகும். மருந்து போகுமா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.