தப்பிய கிருமியின் சாட்சி

புதிய மருந்தொன்று கிருமியின் எப்புரதத்தைத் தாக்குகிறதென்று அறிய ஆராய்ச்சியாளர் கையாளும் எளிய வழி, மருந்துக்குத் தப்பிய கிருமிகளைப் பிடித்து அவற்றின் ஜீன்களில் நேர்ந்த மாறுதலைத் தேடுவதாகும். இச்சாட்சியம் ஒன்றையே நம்பித் தீர்ப்புக் கூறுதல் தகாதென்பது எமது கருத்து.

க்ஷயரோகத்துக்கு 1952-ம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஐசோனியாஸிடை நோக்குக. 1992-ல், அதற்கு அடங்காத கிருமிகள் சிலவற்றில் காட்-ஜி என்னும் ஜீன் அறவே இல்லாதிருக்கக் கண்டனர். அதன் புரதமே இலக்கெனக் கொள்ளத் தோன்றும். உண்மையோ வேறு. அப்புரதம் மருந்தால் தாக்குண்பதன்று. மருந்துக்குக் கூர்தீட்டிக் கொடுப்பது. தீட்டுவார் இல்லாதவிடத்து வாள் வெட்டாமையில் வியப்பென்ன? 1994-ல் இன்ஹ்-ஏ என்னும் ஜீனைப் பல படிகளாகக் கிருமியினுட் புகுத்தவே, அது மருந்துக்கு அடங்காதாயிற்று. அதன் புரதம், கிருமியின் மெழுகுச் சுவருக்கு வேண்டும் மைகாலிக் அமிலத்தை ஆக்குவதிற் பங்குகொள்வது. 1998-ல் எக்ஸ்-கதிர்ச் சோதனையால், மருந்து அப்புரதத்திற் பொருந்தியிருப்பதைக் கையும் களவுமாகப் பிடித்தனர்.

நோயாளரிடம் காணும் ஐசோனியாஸிட் எதிர்ப்பிற் பெரும்பகுதி காட்-ஜியின் மாறுதலால் வருவது. ஆதலின், அதன் உதவியை வேண்டாது இன்ஹ்-ஏவை நேரே தாக்கும் மருந்துகளைத் தேடி வருகின்றனர். இலக்கு இன்னதென்று துணிந்திராவிடின் அத்தேடலைத் தொடங்கவும் வழியில்லை.