என் பிள்ளைக்கு எந்தப் பந்தி?

2003-ல் சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்புக்கு வந்தது. அந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்குப் போக வேண்டிய வயது என் மகனுக்கு. அவனைப் போன்ற சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குச் சட்டம் விலக்குக் கொடுத்தது. விலக்கு! இவனைப் படிக்க வைக்காவிட்டாலும் ஏனென்று கேட்க மாட்டோம் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள். 2019-ல் அந்த விலக்கை எடுத்தபோது அவன் இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை.

எப்படியோ அலைந்து சிறப்புப் பள்ளியில் சேர்த்தோம். காலையில் பள்ளிப் பேருந்து, கழுத்தில் அட்டை, பெயர் சொல்லிக் கூப்பிட ஆசிரியர்கள் என்று அவனுக்கும் ஓர் உலகம் இருந்தது. பதினெட்டு முடிந்ததும் எல்லாம் நின்றுபோனது. பகல்நேர நடவடிக்கை நிலையத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். அவனோ தினமும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். "பஸ் வரல" என்பான். நான் என்ன சொல்ல?

இருபத்தொரு வயதானதும் அடுத்த அடி. இனி அவனுக்காகக் கையெழுத்துப் போட வேண்டுமானால் பெற்றவளே நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வேண்டுமாம். அவனுடைய பாதுகாப்புக்குத்தான் என்றார்கள். தெரியும். தெரிந்தால் வலிக்காதா?

ஆனாலும் அரசாங்கத்தை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. லெங்கோக் பாருவில் 2015 முதல் உடற்குறையுள்ளோருக்கான 'எனேபிளிங் வில்லேஜ்' மையம் இருக்கிறது. 2030-க்குள் வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று பெருந்திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த நாற்பதில் என் மகன் வரமாட்டான் என்பது வேறு விஷயம். எனக்கு வயிறு எரிவது நம்மவர்களை நினைத்துத்தான்.

தேக்கா உணவங்காடிக்குப் போனால் அவனுக்குத் திருவிழா. 2021-லிருந்து சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம் அல்லவா, அந்த வேலை அவனுக்கு உயிர். எங்கள் தட்டை வைத்துவிட்டு அடுத்த மேசைக்கும் போய்விடுவான். ஒரு நாள் ஒருவர் பாதி குடித்து வைத்திருந்த டீயோடு தட்டைத் தூக்கிவிட்டான். தப்புதான். வேறு டீ வாங்கித் தருகிறேன் என்று எழுந்தேன். "இந்த மாதிரி ஆளையெல்லாம் வீட்டுல வச்சுக்க வேண்டியதுதானே" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை தமிழர்களும் குனிந்து சாப்பிட்டார்கள். பரோட்டாக் கடை அண்ணன் மட்டும், "தம்பி, இங்க வா, நம்ம தட்டு நிறைய இருக்கு" என்று சத்தமாகக் கூப்பிட்டார். அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை.

கோயிலில் திருநீறு வாங்க நிற்கும்போதே காதுபட "போன ஜென்மத்துப் பாவம்" என்கிறார்கள். சொந்த நாத்தனார், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவள், "அண்ணி, அவன பணிப்பெண்கிட்ட விட்டுட்டு வாங்களேன், நீங்களாவது நிம்மதியா சாப்பிடலாம்" என்றாள். அக்கறையாம். தாய்மாமன் மகன் பந்தியில் உட்கார்ந்தால் யாருக்கு நிம்மதி போகும்?

வருஷத்தில் ஒரு நாள் ஊதாச் சட்டை போட்டு, இவர்களுக்கு ஆதரவாக 'பர்ப்பிள் பரேட்'. அன்றைக்கு எல்லோரும் தோளில் கைபோட்டுப் படம் எடுக்கிறார்கள். மறுநாள் எம்ஆர்டியில் நெருக்கியடித்து நின்றாலும் நிற்பார்களே தவிர, அவன் பக்கத்து இருக்கையில் உட்கார மாட்டார்கள்.

எனக்குப் பொறுமைசாலி, தெய்வத்தாய் என்ற பட்டமெல்லாம் வேண்டாம். "தம்பி என்ன சாப்பிடுவாரு?" என்று என்னிடம் கேட்காதீர்கள், அவனிடமே கேளுங்கள். பதில் வர அரை நிமிஷம் ஆகும். காத்திருங்கள். ஃபோனில் ஒரு வீடியோ திறக்க ஆகும் நேரம்தான்.

எனக்கும் வயதாகிறது. நான் போன பிறகு அவன் பணத்தைப் பார்த்துக்கொள்ள, 2008-லேயே அரசாங்க ஆதரவோடு அறக்கட்டளை நிறுவனம் ஒன்று தொடங்கிவிட்டார்கள். அதில் கணக்குத் திறந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அவனோடு தேக்காவில் உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு எங்கே போய்ப் பத்திரம் எழுதுவது?