பழுது கம்பியிலா, வண்டியிலா?

வீட்டிலுள்ள பழம்பொருள் அடிக்கடி பழுதுபடுமாயின், "இதைத் தொலைத்துவிட்டு வேறொன்று வாங்குவோம்" என்று கூறுதல் எளிது. அப்பொருள் மோட்டார் வண்டியாயின் சொல் எளிதேயன்றி விலை எளிதன்று. அதிலும் பழுது மின்சாரத்தைச் சார்ந்ததாயின் மனம் விரைவில் தளர்ந்துவிடுகின்றது. டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் ஒழுகினால் நிலத்திலே தெரியும். மின்சாரமோ கண்ணுக்குப் புலப்படாதது. புலப்படாத பகையை மனிதன் எப்பொழுதும் பெரிதாகவே எண்ணுகின்றான்.

நிவித்திகலையில் ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர் ஒருவரை நாம் அறிவோம். அவரிடம் 'ஸ்ரீ' இலக்கத்தகடு பூண்ட மொறிஸ் மைனர் ஒன்று உளது. கடந்த சில ஆண்டுகளாக அதன் விளக்குகள் இரவில் மங்கின. காலையில் இயந்திரம் இயங்க மறுத்தது. பற்றரியை இருமுறை மாற்றியும் பயனில்லை. "வண்டிக்கு வயது போய்விட்டது ஐயா, விற்றுவிடுங்கள்" என்றார் கராஜ்க்காரர். விற்றால் கைக்கு வருவது சொற்பம். வேறு வண்டிக்கு முற்பணம் கட்ட வேண்டுமாயின், மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென ஒதுக்கிய சேமிப்பிலேயே கைவைக்க வேண்டும். வண்டியின்றி இருந்துவிடலாம் என்றாலோ, லயத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நோய் வந்தால் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வது அந்த வண்டியேயாம். ஆகவே திருத்துவதா, மாற்றுவதா என்ற வினா அவருக்குக் கணக்கு வினா மட்டுமன்று.

இவ்வினா இந்நாட்டுக்குப் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரையில், இருந்த வண்டியைக் காப்பதைத் தவிரப் பலருக்கு வேறு வழியில்லை. பின்னர் 2020 மார்ச்சில் மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. திறந்த பின்னரும் வரிச்சுமை சாதாரணக் குடும்பத்தைக் கதவின் வெளியிலேயே நிறுத்தி வைத்தது. இரு காலங்களிலும் வண்டிகளை ஓடச் செய்தவை எமது சிறு கராஜ்களின் கைகளே.

அக்கைகளின் பெருமை கடல் கடந்ததுமாகும். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானிய வண்டியாகும். அதன் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரிலே மைனர் வண்டிகளைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வேர் என்பார், நீடித்துழைக்கும் வண்டியைப் பேணுதலே சிக்கனம் என வாதித்து 1982இல் நூலொன்று எழுதினார். அவருடைய தொடர்பினால், அவ்வண்டிக்குரிய தகட்டுப் பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. பிறந்த நாட்டுக்கே உதிரிப்பாகம் அனுப்பும் கைத்திறன் இங்கிருக்க, வயதை மட்டும் காரணங்காட்டி வண்டியைக் கைவிடுதல் பொருந்துமா?

பொருந்தும், பொருந்தாது என்று சொல்லுமுன் அளந்து பார்க்க வேண்டும். மாணவர்கள் வகுப்பிலே கற்கும் ஓமின் விதி இவ்விடத்தில் உதவுகின்றது. ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் இழக்கப்படும் வோல்ற்றளவு கிடைக்கும் என்பதே அவ்விதி. இயந்திரத்தைக் கிளப்பும் 'ஸ்டார்ட்டர்' 150 அம்பியர் வரையில் இழுப்பதாகக் கொள்வோம். வழியிலே ஓர் ஓமின் நூறிலொரு பங்கு தடையிருந்தால் 1.5 வோல்ற்று அங்கேயே தொலைந்துவிடும். பன்னிரண்டு வோல்ற்றில் ஒன்றரை போனபின் ஸ்டார்ட்டர் முனகாமல் என்ன செய்யும்?

அந்த நூறிலொரு பங்கு தடை எங்கிருந்து வருகின்றது? துருவிலிருந்து. மோட்டார் வண்டியில் மின்சாரம் கம்பி வழியே சென்று, வண்டியின் இரும்புடல் வழியே திரும்புகின்றது. பற்றரியை உடலோடும், உடலை இயந்திரத்தோடும் பிணைக்கும் பட்டிகளை 'ஏர்த்' என்பர். இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. அந்த ஈரத்திலே பட்டி பொருந்துமிடம் துருவேறிவிட்டால் புதிய பற்றரியும் பழைய பற்றரி போலவே நடந்துகொள்ளும். பழைய ஆங்கில வண்டிகளின் மின்கருவிகளைச் செய்த லூக்காஸ் கம்பனியை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வர். அக்கேலியிற் பாதியையேனும் துருப்பிடித்த ஏர்த் பட்டிக்குத் திருப்பிவிடலாம் என்பது எமது எண்ணம்.

ஆகவே பார்க்கும் ஒழுங்கு இது. ஓய்விலிருக்கும் நிறைந்த பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்ட வேண்டும். இயந்திரம் விரைந்து ஓடும்போது 14 வோல்ற்றளவுக்கு உயராவிடின் தைனமோவையும், அதன் பட்டியையும், மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியையும் சோதித்தல் வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பற்றரியின் ஏர்த் முனைக்கும் இயந்திரத்தின் வெறும் இரும்புக்குமிடையே அரை வோல்ற்றுக்கு மேற்பட்டால் குற்றம் ஏர்த்திலே உளது. இச்சோதனைகளுக்குச் சிறிய மின்மானி ஒன்றே போதும். மைனர் வண்டிகளில் ஏர்த்தோடு பிணைக்கப்படுவது பற்றரியின் நேர்முனை. இக்கால வண்டிகளிலோ எதிர்முனை. இதை மறந்து பற்றரியையோ வானொலியையோ மாற்றிப் பூட்டுதல் புதிய கோளாற்றுக்கு வித்திடும்.

தைனமோவின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும். அது முழு விரைவில் ஏறக்குறைய 20 அம்பியர் தருமேயன்றி, இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தராது எனலாம். மழையிரவில் தோட்டப் பாதையிலே விளக்கும் துடைப்பானும் இயங்க, ஊர்ந்து ஊர்ந்து வரும் வண்டி பற்றரியின் சேமிப்பையே உண்கின்றது. இது வருவாய் குறைந்த மாதத்தில் வங்கிப் பணத்தை எடுத்துண்பது போன்றது, வண்டியின் முதுமையன்று.

எனினும், எல்லா மின்கோளாறும் சிறிதென்று கூறோம். கம்பியின் உறை முறுகி உதிரத் தொடங்கினால் அது அபாயம். மைனர் வண்டியில் உருகிகள் இரண்டே. முன்விளக்குச் சுற்றுக்கு உருகியே கிடையாது. உறை போன கம்பி இரும்பிலே உராய்ந்தால் நெருப்பு மூளலாம். அந்நிலையில் இங்கொரு நாடா, அங்கொரு முடிச்சு என்று ஒட்டுப்போடுதல் சிக்கனமன்று, உயிரோடு விளையாடுதலாகும். வயரிங் முழுவதையும் மாற்றி, உருகிகளையும் கூட்ட வேண்டும். அதுவும் செய்யக்கூடிய வேலையே.

செய்யக்கூடாதது எது? அடித்தளத்தைத் துரு தின்றிருந்தால், பின்புற வில்லுகளைத் தாங்கும் இரும்பு கையால் உதிர்ந்தால், அவ்வண்டிக்குப் புதுக்கம்பி பூட்டுதல் இடியும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். அப்பொழுது பிரிந்துவிடுதலே அறிவு. முடிவை நிருணயிக்க வேண்டியது விளக்கு மங்குவதன்று. வண்டியைச் சுமக்கும் இரும்பின் நிலையே.

மாற்றத் துணிவோரும் கண்ணை மூடிக்கொண்டு துணிதலாகாது. களுகங்கை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, பூச்சு மினுங்க விற்பனைக்கு வரக்கூடும். கம்பி இணைப்புகளுக்குள் புகுந்த ஈரமோ பின்னரே தன் வேலையைக் காட்டும். இருக்கைக்கடியில் சேறும், இணைப்புகளில் பச்சைக் களிம்பும் உண்டோ என்று பார்த்தபின்னரே பணம் எண்ண வேண்டும். கணினியால் இயங்கும் இக்கால வண்டிகளுக்கும் மின்கோளாறு உண்டு. அதைக் கண்டறியும் கருவி எல்லாச் சிற்றூர்க் கராஜ்களிலும் இராது. பழைய வண்டியின் குற்றத்தை அறிந்து வைத்திருக்கிறோம். வாங்கப்போகும் வண்டியின் குற்றம் இனித்தான் தெரியவரும்.

நிவித்திகலை நண்பரின் வண்டியைத் தூக்கிப் பார்த்தபொழுது அடித்தளம் உறுதியாகவே இருந்தது. ஏர்த் பட்டி துருவாகி, தைனமோவின் கரித்துண்டுகள் தேய்ந்து, விசைப்பலகையின் பின்னே கம்பியுறை உதிர்ந்திருந்தது. வயரிங் முழுவதையும் மாற்றுவித்தார். செலவு சிறிதன்று, ஆயினும் அவர் கட்டவிருந்த முற்பணத்திற்கு முன் அது சிறிதே. மகளின் படிப்புப் பணம் தொடப்படவில்லை.

இதனால் எல்லோரும் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது எமது கருத்தன்று. நோயை அறிந்தபின் மருந்தா, பிரிவா என்று தீர்மானியுங்கள். சில சமயம் அம்மருந்து ஒரு துண்டு உப்புத்தாளும், ஒரு புதிய ஏர்த் பட்டியும், ஒரு காலைப் பொழுதுமாகவே முடிந்துவிடும்.