சாக்ஷிக்குத் துணை யார்?

எதிரியின் ஆட்கள் சூழக் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் காத்து நிற்கும் சாக்ஷிக்கு சர்க்காரின் துணை எவ்வளவு? 2018 டிசம்பர் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சாக்ஷிப் பாதுகாப்புத் திட்டத்தை அங்கீகரித்து, தக்க சட்டம் இயற்றப்படும் வரை அதுவே சட்டமென விதித்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 398-வது பிரிவு, மாநில சர்க்கார் ஒவ்வொன்றும் இத்தகைய திட்டம் வகுக்க வேண்டுமென்கிறது. வரவேற்கிறோம்.

ஆயின் வேலையைச் செய்வோர் யார்? 2018-ம் வருஷத் திட்டப்படி ஜில்லா ஜட்ஜின் தலைமையிலுள்ள கமிட்டி உத்தரவிடும். அபாயத்தை ஆராய்ந்து அறிக்கை தருவது அவ்வட்டாரப் போலீஸ் டிப்டி சூப்பரிண்டெண்டு. உத்தரவை நிறைவேற்றும் பொறுப்பும் போலீஸ் இலாகாவினுடையதே. லாக்கப்பில் மகனைப் பறிகொடுத்துப் போலீஸார் மீதே சாக்ஷி சொல்ல வரும் தாய் இதை நம்புவது எங்ஙனம்? பாதுகாப்போ ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்டதன்று. மூன்று மாதத்தில் முடிந்த கொலை வழக்கை நம் வக்கீல் நண்பர்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்களோ!

ஸெஷன்ஸ் கோர்ட்டின் கீழ், போலீஸுக்குக் கட்டுப்படாத உத்தியோகஸ்தர்களை ஜில்லாதோறும் நியமிக்க வேண்டும். முதல் புகார் பதிவான நாளிலிருந்தே அவர்கள் சாக்ஷியுடன் நிற்க வேண்டும். அவர்களது சம்பளத்துக்கு பட்ஜெட்டில் தொகை ஒதுக்கும்படி சட்டசபை அங்கத்தினர்கள் சர்க்காரை வற்புறுத்துவார்களாக.