விருதுக்குப் பின் என்ன?

மாதுங்காவிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் அன்றாடம் பைகுல்லா நிலையத்தைக் கடக்கிறார்கள். 1853-இல் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் அது. பழுதுபார்த்துப் பழைய பொலிவுக்குக் கொண்டுவந்த அந்த நிலையத்துக்கு 2022-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ரயில்வேயில் உழைத்த எனக்கும் அதில் பெருமைதான்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. என் பணிக்காலத்தில் வேறொரு பழைய கல் கட்டடத்துக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்க நானே கையெழுத்திட்டேன். 'அதிகாரி வருகிறார், பளிச்சென்று இருக்கட்டும்' என்ற நினைப்புதான். பெயிண்ட் மூடிய கல்லில் ஈரம் வெளியேற வழியில்லை. கல் பொரிந்து உதிர்ந்தது.

விருது ஒரு நாள் விழா. மழைநீர்க் குழாயை ஆண்டுதோறும் சுத்தம் செய்வதே உண்மையான பாதுகாப்பு. அதற்கு விருது இல்லை. நிதி ஒதுக்கீடாவது இருக்கட்டும்.