வடக்குக்காக மூண்ட போர் அல்ல அது

அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரிடம் ஒரு கதை வேரூன்றிவிட்டது. 1921 டிசம்பர் 6 அன்று விடுதலை இயக்கத் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் லண்டனில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, வடக்கின் ஆறு மாவட்டங்களைப் பிரிட்டனுக்குத் தாரை வார்த்தார். நாடு துண்டானதைப் பொறுக்காமல் இன்னொரு தலைவரான டி வலேராவும் தோழர்களும் எதிர்த்து எழுந்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. அன்று தொடங்கி இன்றுவரை ஐரிஷ் குடியரசுவாதிகளின் வரலாறு என்பது துரோகிகளுக்கும் தியாகிகளுக்கும் நடந்த சண்டைதான். காலின்ஸைப் பற்றி 1996-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இதோடு இரு தலைவர்களின் போட்டியையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இந்தக் கதை செத்தவர்களுக்கு அநீதி இழைக்கிறது. அவர்கள் எதற்காகப் பிரிந்தார்கள் என்பதையே மாற்றிச் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடன்படிக்கைதான் வடக்கைப் பிரித்தது என்பது முதல் வாதம். காலவரிசையே இதற்குப் பதில். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1920-இலேயே சட்டம் இயற்றி அயர்லாந்தை இரண்டாக்கிவிட்டது. 1921 ஜூன் 22 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெல்ஃபாஸ்டுக்கு நேரில் வந்து வடக்கின் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தார். பிரிட்டனோடு போர்நிறுத்தம் வந்தது அதற்குப் பின், ஜூலை 11 அன்று. அக்டோபரில் காலின்ஸும் ஆர்தர் கிரிஃபித்தும் லண்டனில் பேச உட்கார்ந்தபோது எல்லைக்கோடு மண்ணில் விழுந்தாகிவிட்டது. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு அந்தக் கோட்டை மறுபரிசீலனை செய்ய ஓர் எல்லை ஆணையத்துக்கு வழி செய்தது. டைரோன், ஃபெர்மனா போன்ற பகுதிகள் அந்த ஆணையத்தின் மூலம் தெற்கோடு சேரும் என்று இருவரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தது. அவர்கள் ஏமாந்தார்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். விற்றார்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

டி வலேரா பிரிவினையை எதிர்த்தே பிரிந்தார் என்பது அடுத்த வாதம். உடன்படிக்கைக்கு மாற்றாக அவர் முன்வைத்த வரைவு 'இரண்டாம் ஆவணம்' என்று பெயர் பெற்றது. வடக்கைப் பற்றி உடன்படிக்கை சொன்னதை அது ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டது. அவர் மாற்ற விரும்பியது மன்னரோடு அயர்லாந்துக்கு இருக்க வேண்டிய உறவைத்தான். டாயில் எனப்படும் ஐரிஷ் மக்களவை 1921 டிசம்பர் 14 முதல் 1922 ஜனவரி 7 வரை, கிறிஸ்துமஸ் விடுமுறை போக, இதை விவாதித்தது. அந்த விவாதங்களைப் படிக்கிறவர்களைத் திகைக்க வைப்பது, வடக்கு எவ்வளவு குறைவாகப் பேசப்பட்டது என்பதுதான். பெல்ஃபாஸ்டில் பிறந்த ஷான் மெக்கென்டீ போன்ற மிகச் சிலரே அதை மையமாக வைத்துப் பேசினார்கள். மற்றவர்கள் பேசியதெல்லாம் மன்னரும் குடியரசும் விசுவாசப் பிரமாணமும். 64-க்கு 57 என்ற வாக்கில் உடன்படிக்கை நிறைவேறியது. அந்த ஏழு வாக்கு வித்தியாசத்தை வடக்கு தீர்மானிக்கவில்லை.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் 1925 டிசம்பரைப் பார்க்கட்டும். எல்லை ஆணையம் கைவிடப்பட்டு, இருந்த கோட்டையே நிலையாக்கும் ஒப்பந்தம் டாயிலின் ஒப்புதலுக்கு வந்தது. உடன்படிக்கையை எதிர்த்த கட்சிக்கு 40-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். எதிர்க்கட்சிகள் டப்ளினின் ஷெல்பர்ன் ஹோட்டலில் கூடியபோது டி வலேராவின் ஆட்களும் வந்து உட்கார்ந்து பேசினார்கள். நாடாளுமன்றம் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால் அதற்குள் நுழைய வேண்டுமானால் மன்னர் பெயர் வரும் பிரமாணத்தை எடுக்க வேண்டும். எடுக்க மறுத்து வெளியிலேயே நின்றார்கள். பிரிவினை உறுதியானது. வடக்குக்காகத்தான் போரே நடந்தது என்றால் அன்று அவர்கள் உள்ளே போயிருக்க வேண்டும்.

காலின்ஸ் வடக்கைக் கைகழுவினார் என்ற குற்றச்சாட்டுக்கு 1922-ஆம் ஆண்டின் வசந்தகாலமே பதில் சொல்கிறது. பெல்ஃபாஸ்டில் 1920 முதல் 1922 வரை நடந்த வன்முறையில் ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கத்தோலிக்கர். உடன்படிக்கைப்படி அமைந்த தற்காலிக அரசின் தலைவராக இருந்துகொண்டே காலின்ஸ் வடக்கிலிருந்த ஐரிஷ் குடியரசுப் படையின் (ஐ.ஆர்.ஏ.) பிரிவுகளுக்கு ரகசியமாக ஆயுதம் அனுப்பினார். புதிய அரசின் ராணுவத்துக்குப் பிரிட்டன் கொடுத்த துப்பாக்கிகளில் வரிசை எண் இருந்தது. அவை வடக்கில் பிடிபட்டால் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிடும். ஆகவே உடன்படிக்கையை எதிர்த்த லியம் லிஞ்சின் தெற்குப் படைகளிடமிருந்த பழைய துப்பாக்கிகளை வாங்கி வடக்குக்கு அனுப்பிவிட்டு, பிரிட்டன் தந்ததை லிஞ்சிடம் கொடுத்தார்கள். சில வாரங்களில் ஒருவரையொருவர் சுடப்போகிறவர்கள் வடக்குக்காக ஒன்றாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை இணைத்து வைத்திருந்தது வடக்கு. பிரித்தது வேறொன்று.

அந்த ஆண்டு வடக்கின் ஆட்சியை ஏற்க மறுத்த கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் டப்ளின் அரசுதான். ஆகஸ்ட் 22 அன்று பேல் நா பிளாவில் காலின்ஸ் கொல்லப்பட்ட பிறகு இந்தக் கொள்கை முழுவதும் கைவிடப்பட்டது. போர் முக்கியமாக நடந்த இடங்களையும் கவனிக்க வேண்டும். டப்ளின், லிமெரிக், கார்க், கெர்ரி: எல்லாம் எல்லைக்கு வெகு தெற்கே. உள்நாட்டுப் போரால் வடக்கின் கத்தோலிக்கர் தனித்து விடப்பட்டார்கள். அவர்களுக்காக நடந்த போர் என்று அதைச் சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

பிறகு எதற்காகப் பிரிந்தார்கள்? விசுவாசத்துக்காக. இந்த இடத்தில்தான் 'வெறும் வார்த்தைக்காகவா அடித்துக்கொண்டார்கள்?' என்ற கேள்வி வருகிறது. கேட்பவர்கள் 1919 ஆகஸ்டை மறந்துவிடுகிறார்கள். டாயில் உறுப்பினர்களும் படை வீரர்களும் ஐரிஷ் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று அந்த மாதம் டாயிலே தீர்மானித்தது. அந்தச் சொல்லை நம்பி மனிதர்கள் தூக்குமேடை ஏறினார்கள். அந்தச் சொல்லின் பெயரால் மற்றவர்களைச் சுட்டார்கள். குடியரசு பொய்யானால் அந்தக் கொலைகளுக்கு என்ன பெயர்? 1921 உடன்படிக்கையின் பிரமாணம் பிரிட்டிஷ் பேரரசின் மற்ற டொமினியன்களில் இருந்ததை விட மென்மையானதுதான். முதல் விசுவாசம் உடன்படிக்கை உருவாக்கிய சுதந்திர அரசின் அரசியல் சட்டத்துக்கு, அதன் பிறகே மன்னருக்கு. ஆனால் குடியரசுக்கு வாக்குக் கொடுத்தவருக்கு மன்னர் பெயர் எந்த இடத்தில் வந்தாலும் வந்ததுதான். இது போதாதென்று ஐரிஷ் குடியரசுச் சகோதரத்துவம் என்ற ரகசிய அமைப்பில் இருந்தவர்களுக்குத் தனியே இன்னொரு பிரமாணம் உண்டு. அதன் உயர்மன்றத் தலைவர் காலின்ஸ், மன்றத்தில் பெரும்பான்மை உடன்படிக்கையை ஆதரித்தது, லிஞ்ச் எதிர்த்தார். மூன்று வாக்குறுதிகள் ஒரே மனிதனை மூன்று திசைகளில் இழுத்தன. எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்றை மீறியாக வேண்டும். அந்த நிலையில் நின்றவர்களைத் துரோகி என்று முத்திரை குத்த எனக்கு மனம் வரவில்லை.

தலைவர்களின் சொந்தப் பகைதான் காரணம் என்போரிடம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உடன்படிக்கையை எதிர்த்த கஹல் புரூகாவுக்குக் காலின்ஸைக் கண்டால் ஆகாது. வாக்கெடுப்பு நாளில் அவையிலேயே காலின்ஸைத் தாக்கிப் பேசினார். டி வலேரா லண்டனுக்குத் தாமே போகாமல் மற்றவர்களை அனுப்பியது பெரும் பிழை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பகையால் பிரிந்தவர்களை விட நட்பை மீறிப் பிரிந்தவர்கள் அதிகம். காலின்ஸின் உயிர் நண்பர் ஹாரி போலண்ட் எதிரணிக்குப் போய், அரசுப் படையின் குண்டுக்கு இரையானார். கெவின் ஓ'ஹிக்கின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் ரோரி ஓ'கானர். ஓராண்டு கடந்து 1922 டிசம்பர் 8 அன்று, அமைச்சர் ஓ'ஹிக்கின்ஸும் சம்மதித்த முடிவின்படி, ஓ'கானர் உட்பட நான்கு எதிரணிக் கைதிகள் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முந்தைய நாள் ஷான் ஹேல்ஸ் என்ற டாயில் உறுப்பினர் கொல்லப்பட்டதற்குப் பதிலடி அது. ஷான் அரசின் பக்கம். அவர் சகோதரர் டாம் ஹேல்ஸ், காலின்ஸ் இறந்த அந்தப் பதுங்கித் தாக்குதலை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர்.

பெண்களைப் பற்றிய வாதம்தான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. 1921 தேர்தலில் அமைந்த இரண்டாம் டாயிலின் ஆறு பெண் உறுப்பினர்களும் உடன்படிக்கையை எதிர்த்து வாக்களித்தார்கள். கணவனையும் மகனையும் அண்ணனையும் பறிகொடுத்த துக்கத்தில் அப்படிச் செய்தார்கள் என்று அன்றே சொன்னார்கள்; இன்றும் சொல்கிறார்கள். லிமெரிக்கின் முன்னாள் மேயரான தம் கணவரை 1921 மார்ச்சில் வீட்டிலேயே சுட்டுக் கொன்றதைப் பார்த்தவர் கேட் ஓ'கேலகன். தம் நிலைப்பாடு சொந்த இழப்பில் பிறந்ததல்ல என்று அவர் அவையில் எழுந்து மறுத்தார். 74 நாள் உண்ணாவிரதமிருந்து இறந்த டெரன்ஸ் மெக்ஸ்வீனியின் சகோதரி மேரி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். அது இறையாண்மை பற்றிய வாதம், ஒப்பாரி அல்ல. 1922 ஜூன் தேர்தலுக்கு முன் 21 வயதுப் பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகராக வாக்குரிமை வேண்டும் என்று கேட் ஓ'கேலகன் தீர்மானம் கொண்டுவந்தார், அவை தோற்கடித்தது. பழைய வாக்காளர் பட்டியலிலேயே தேர்தல் நடந்தது. ஆண் பிரமாணத்தைப் பற்றிப் பேசினால் கொள்கை, பெண் பேசினால் கண்ணீர் என்று பிரித்தவர்கள் அன்றைய அரசியல்வாதிகள். அதை வரலாறாக எழுதுவது நம் பிழை.

கடைசியாக, பிளவுபடுவது குடியரசுவாதிகளின் பிறவிக் குணம் என்ற வாதம். பிளவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1926-இல் டி வலேரா குடியரசுவாதிகளின் கட்சியான சின் ஃபெய்னை விட்டு வெளியேறி ஃபியனா ஃபாயில் கட்சியைத் தொடங்கியது, பிரமாணம் நீங்கினால் டாயிலுக்குள் போகலாமா என்ற கேள்வியில். 1927 ஆகஸ்டில் அவர் உள்ளே போனபோது பிரமாணம் நீங்கியிருக்கவில்லை. பைபிளை அறையின் மறுகோடிக்கு நகர்த்திவிட்டு, தான் சத்தியம் செய்யவில்லை என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். 1969-70-இல் ஐ.ஆர்.ஏ.வும் சின் ஃபெய்னும் இரண்டாகப் பிரிந்தபோது பெல்ஃபாஸ்டின் எரியும் தெருக்கள் ஒரு காரணம். நாடாளுமன்றங்களை அங்கீகரிக்கலாமா என்பது மறுகாரணம். 1986-இல் சின் ஃபெய்ன் மாநாடு 429-க்கு 161 என்ற வாக்கில் டப்ளின் நாடாளுமன்றத்தில் அமர முடிவெடுத்ததும் அதை எதிர்த்த ருவாரி ஓ பிராடாய் தம் ஆட்களோடு வெளிநடப்பு செய்தார். கேள்வி ஒன்றேதான். குடியரசின் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

இதற்கு டாம் மக்வயரின் வாழ்க்கையே சான்று. மேயோவில் போரிட்ட தளபதி, இரண்டாம் டாயில் உறுப்பினர். 1938-இல் உடன்படிக்கையை ஏற்காமல் எஞ்சிய ஏழு உறுப்பினர்கள் தங்கள் அதிகாரத்தை ஐ.ஆர்.ஏ.வுக்கு எழுதிக்கொடுத்தபோது அவர் அந்த எழுவரில் ஒருவர். 1969-இல் உயிரோடிருந்தவர் அவர் மட்டுமே; புதிதாகப் பிரிந்த அணிக்கே அந்த அதிகாரம் சேரும் என்று அறிவித்தார். 1986 பிளவுக்குப் பின் அந்த அணியையும் விட்டு, வெளிநடப்பு செய்தவர்கள் பக்கம் நின்றார். 1993-இல், நூறு வயதைக் கடந்து, இறந்தார். 1921 தேர்தலில் மக்கள் தந்த ஆணை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு முதியவரின் கையெழுத்தில் உயிரோடிருக்கிறது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அந்த நம்பிக்கை எனக்கு ஏற்புடையதல்ல. வாழ்கிற மக்களின் வாக்கை அது மதிக்கவில்லை. 1922 ஜூன் தேர்தலில் மக்கள் உடன்படிக்கையை ஆதரித்தவர்களுக்கே பெரும்பான்மை தந்தார்கள். ஆனாலும் அது பிறவிக் குணமோ சண்டைப் புத்தியோ அல்ல. நேராக விடை சொல்ல வேண்டிய ஓர் அரசியல் வாதம்.

குடியரசு முறைப்படி நடைமுறைக்கு வந்தது 1949 ஏப்ரல் 18 அன்று. அதைக் கொண்டுவந்த கூட்டணி அரசுக்குத் தலைமை தாங்கியது உடன்படிக்கையை ஆதரித்தவர்களின் வாரிசுக் கட்சியான ஃபைன் கேல். அந்த அரசின் வெளியுறவு அமைச்சர் ஷான் மெக்பிரைட், ஒருகாலத்தில் ஐ.ஆர்.ஏ.வின் தலைமைத் தளபதி. யார் துரோகி, யார் தியாகி என்று பட்டியல் போடுகிறவர்கள் இவர்களை எந்தப் பக்கம் எழுதுவார்கள்? டாயிலின் உடன்படிக்கை விவாதங்கள் முழுமையாக அச்சில் இருக்கின்றன. மேரி மெக்ஸ்வீனியும் காலின்ஸும் பேசியதை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். அதற்குப் பிறகு சொல்லுங்கள் உங்கள் தீர்ப்பை.