அரசாங்கப் பத்திரம்தானே, என்ன ஆகிவிடும்?

ஆண்டு மலர் என்றால் நாலு காதல் கவிதை, மெஸ் சாம்பாரைப் பற்றி ஒரு நையாண்டி, கடைசிப் பக்கத்தில் பிரிவுக் கண்ணீர்... இதுதான் வழக்கம். நடுவில் இவன் என்னடா பாண்ட் ஃபண்டைப் பற்றி எழுதுகிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னும் சில மாதங்களில் நம்மில் பாதிப் பேர் அப்ரண்டிஸாகவோ வேலைக்கோ போகப் போகிறோம். முதல் சம்பளம் வந்த உடனே யாராவது ஒரு அண்ணன் வந்து, "தம்பி, ஷேர் எல்லாம் சூதாட்டம்டா. லாங் டேர்ம் பாண்ட் இண்டெக்ஸ் ஃபண்டுல போடு. அரசாங்கப் பத்திரம், கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்பார்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார்.

2021 செப்டம்பர். அப்பா மில் வேலையை விட்டு வந்த பணத்தில் இரண்டு லட்சம். அடுத்த வருடம் அண்ணன் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர வேண்டும், அதற்கான பணம் அது. பேங்கில் வட்டி ரொம்பக் குறைவு என்று, தெரிந்த ஏஜென்ட் ஒருவர் பேச்சைக் கேட்டு நீண்டகால அரசுப் பத்திர ஃபண்டில் போட்டார். 2022 ஜூனில் எடுக்கப் போனால் 1,91,000 சொச்சம்! அரசாங்கம் ஒரு பைசா ஏமாற்றவில்லை, எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை. பிறகு ஒன்பதாயிரம் எங்கே போச்சு? ஏஜென்ட்டைக் கேட்டால் "மார்க்கெட் சார்" என்றார். அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

எங்கே போச்சு என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று. கால்குலேட்டரை எடுங்கள், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

100 ரூபாய்ப் பத்திரம், வருடம் 7 ரூபாய் வட்டி, பத்து வருடம் கழித்து அசல். நீங்கள் வாங்கிய மறுநாள் அரசாங்கம் 8 ரூபாய் வட்டியில் புதுப் பத்திரம் விடுகிறது. உங்கள் 7 ரூபாய்ப் பத்திரத்தை யார் 100 கொடுத்து வாங்குவான்? அவனுக்கும் 8 சதவீதம் கட்டுபடியாகிற மாதிரி விலையைக் குறைத்தால்தான் வாங்குவான். கணக்குப் போட்டால் 93 ரூபாய் சொச்சம் வருகிறது. இதே பத்திரம் ஒரே வருடத்தில் முடிகிறதென்றால் 99 ரூபாய் கிடைக்கும். முப்பது வருடப் பத்திரமென்றால் 89-ஐக்கூடத் தொடாது. வட்டி ஏறியது மூன்றுக்கும் ஒரே ஒரு சதவீதம்தான், அடி மட்டும் வேறு வேறு.

மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட இது தெரியும். லீவர்தானே! அதே விசை, ஃபல்க்ரமிலிருந்து தூரம் கூடினால் மொமெண்ட் கூடும். பத்திரத்தில் தூரம் என்பது வருடம். இந்தத் தூரத்தை அளக்க ஃபிரெடரிக் மெக்காலே என்பவர் 1938-லேயே 'டியூரேஷன்' என்று ஓர் அளவை வைத்துவிட்டார். டியூரேஷன் 7 என்றால், வட்டி 1 சதவீதம் ஏறினால் விலை ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும். வட்டி இறங்கினால் அதே அளவு ஏறும். ஃபண்டின் விவரத் தாளில் இந்த எண் அச்சிட்டே இருக்கிறது. நாம்தான் 'போன வருட லாபம்' என்ற கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

இன்னொன்று, இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. பத்திரத்தை நேராக வாங்கினால் ஒவ்வொரு வருடமும் ஒரு வருடம் கழிகிறது, ஃபல்க்ரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே வருகிறோம். கடைசியில் விலை என்னவானாலும் 100 ரூபாய் கைக்கு வந்துவிடும். ஆனால் நீண்டகால இண்டெக்ஸ் ஃபண்டுக்குக் கடைசி நாளே கிடையாது! நம் ஊர் நிஃப்டி 8-13 ஆண்டு அரசுப் பத்திரக் குறியீட்டையே எடுங்கள். பேரிலேயே இருக்கிறது: எட்டு வருடத்துக்குக் கீழே வந்த பத்திரத்துக்கு அங்கே இடமில்லை, வேறு நீண்ட பத்திரம் உள்ளே வரும். ஆக, ஃபண்டு எப்போதும் சீசா பலகையின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. பத்திரத்துக்கு உள்ள பாதுகாப்பு ஃபண்டுக்கும் அப்படியே இருக்கிறது என்று நினைத்தோமே, அங்கேதான் சறுக்கல்.

இது ஏதோ நம் ஊர் ஏஜென்ட் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வான்கார்ட் நிறுவனம் 1994-லிருந்து நீண்டகால பாண்ட் இண்டெக்ஸ் ஃபண்டு நடத்துகிறது. அரசாங்கமும் நல்ல கம்பெனிகளும் வெளியிட்ட பத்திரங்கள், செலவோ மிகக் குறைவு. 2022-இல் அந்த நாட்டு மத்திய வங்கி, பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை ஒரே வருடத்தில் 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. அந்த ஃபண்டு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. சூதாட்டம் என்கிறார்களே ஷேர், அதன் எஸ் அண்டு பி 500 குறியீடு அந்த வருடம் டிவிடெண்டையும் சேர்த்துப் பார்த்தால் 18 சதவீதம்தான் இறங்கியது! 2023 மார்ச்சில் கவிழ்ந்த சிலிக்கான் வேலி பேங்க் கதையும் இதேதான். வட்டி குறைவாக இருந்த காலத்தில் நீண்ட பத்திரங்களாக வாங்கிக் குவித்தார்கள். டெபாசிட்காரர்கள் பணம் கேட்டபோது நஷ்டத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. எங்கள் அப்பா செய்த அதே தப்பு. அவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு செய்தார்கள்.

அப்படியானால் இந்த ஃபண்டே மோசமா? இல்லை. அப்பாவின் பணம் அங்கேயே இருந்திருந்தால் 2023 நடுவிலேயே போட்டதற்கு மேல் வந்திருக்கும். ஏனென்றால், வட்டி ஏறிய பிறகு ஃபண்டுக்கு வருகிற பணமெல்லாம் புது வட்டியில் போடப்படுகிறது. டியூரேஷன் எத்தனை வருடமோ அத்தனை வருடம் பொறுக்க முடிந்தவனுக்கு வட்டி ஏறுவது பெரும்பாலும் நஷ்டமே இல்லை. 1981-இல் அமெரிக்காவின் 30 வருட அரசுப் பத்திரம் 14 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தது. அன்றைக்குத் துணிந்து வாங்கியவன் கொடுத்து வைத்தவன். பேங்க் டெபாசிட்டை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. நம் ரிசர்வ் வங்கி 2020-இல் ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்கு இறக்கியபோது, டெபாசிட் வட்டியில் குடும்பம் நடத்திய பெரியவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

என் சண்டை 'சேஃப்' என்கிற அந்த ஒரு வார்த்தையோடுதான். யாருக்கு சேஃப்? எந்தத் தேதிக்கு சேஃப்? அடுத்த ஜூலையில் ஃபீஸ் கட்ட வேண்டிய பணத்துக்கும், ஐம்பது வயதில் எடுக்கப் போகிற பணத்துக்கும் ஒரே பதில் எப்படி இருக்கும்? தேதி தெரிந்த பணத்துக்கு அந்தத் தேதியிலேயே முடிகிற ஃபண்டுகள் இருக்கின்றன. 2019 டிசம்பரில் வந்த பாரத் பாண்டில் ஒன்று 2023 ஏப்ரலில் முடிந்து பணம் கொடுத்தது, இன்னொன்று 2030 ஏப்ரலில் முடியும். விற்கிறவர் இதைக் கேட்க மாட்டார். "தம்பி, இந்தப் பணம் உனக்கு எப்ப வேணும்?" என்று எங்கள் வீட்டில் அந்த மனிதர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

நானும் லேட்டரல் என்ட்ரிக்குத்தான் போகிறேன். ஃபீஸ் பணம் சாதாரண பேங்க் டெபாசிட்டில் கிடக்கிறது, வட்டி கம்மிதான், இருக்கட்டும். வேலைக்குப் போன பிறகு, பதினைந்து வருடத்துக்குத் தொட மாட்டேன் என்று உறுதியாகத் தெரிகிற பணத்தில் கொஞ்சம் இதே நீண்டகால ஃபண்டில் போடுவேன். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம். நான் போட்ட கணக்கில் தப்பு இருந்தால் ஹாஸ்டல் பி பிளாக், இரண்டாவது மாடிக்கு வந்து தாராளமாகச் சண்டை போடுங்கள். கால்குலேட்டரோடு வரவும்.

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்